சேல்ஸ் ஃபனலுக்குத் தமிழ்ல என்ன? வியாழக்கிழமைக்குள்ள வேணும்

கும்பகோணத்துலேர்ந்து:

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சுய உதவிக் குழு அக்காங்களுக்கு ஆன்லைன் வியாபாரம் பத்தி வகுப்பு எடுக்குறேன், கையேடு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போயாகணும். பாரம்பரிய அரிசி விக்கிற ஒரு அக்காவோட வேலையையே உதாரணமா வெச்சுருக்கேன். மாப்பிள்ளை சம்பா பத்தி ரீல்ஸ் போடுவாங்க, பாக்குறவங்க ஒரு கூகுள் ஃபார்ம்ல நம்பர் குடுத்தா கஞ்சி செய்முறை இலவசமா போகும், அவங்க வாட்ஸாப்ல வந்து ஒரு வணக்கம் போட்டா வாட்ஸாப் பிசினஸ்ல எழுதி வெச்ச வரவேற்பு தானா போயிடும், ரெண்டு நாள் கழிச்சு அரைக்கிலோ பாக்கெட் பத்தி ஒரு செய்தி (இந்த நாள் கணக்குக்கு மட்டும் தனியா ஒரு டூல் வேணும்), வாங்குனவங்களுக்கு 20 நாள் கழிச்சு அரிசி தீந்துடுச்சான்னு இன்னொண்ணு. ஒரு கணக்குக்கு 1000 பேர் பாத்தா 100 பேர் நம்பர் குடுக்குறாங்க, 20 பேர் வாங்குறாங்க, 5 பேர் மாசாமாசம் வாங்குறாங்கன்னு போட்டுருக்கேன். எண்ணெய் ஊத்துற ஃபனல் மாதிரி மேல அகலமா ஆரம்பிச்சு கீழ குறுகுறதால இந்த மொத்த ஏற்பாட்டையும் இங்கிலீஷ்ல சேல்ஸ் ஃபனல்ங்கிறாங்க, இதுக்குத் தமிழ்ல ஒரு பேர் குடுங்க. ‘தானா ஓடுற’துக்கும் சேத்து.

தஞ்சாவூர்லேர்ந்து:

விற்பனைப் புனல். பள்ளிக்கூட வேதியியல்லயே பிரிபுனல்னு படிச்சிருக்கோம், எல்லாருக்கும் புரியும். அச்சுக்கு அனுப்புங்க தம்பி.

மன்னார்குடிலேர்ந்து:

அவசரப்படாதீங்க. 34 வருஷம் தமிழ் சொல்லிக் குடுத்தவன் சொல்றேன். புனல்னா ஆத்துத் தண்ணி. சோழ நாட்டுக்கே புனல்நாடுன்னு பேர், பரிபாடல்ல வையைப் பாட்டெல்லாம் புதுப்புனல் வர்றதையும் ஜனம் புனலாடுறதையும்தான் பாடுது. எண்ணெய் ஊத்துற தகரத்துக்கு இந்தப் பேர் போர்த்துகீசுக்காரன் சொல்ற ஃபுனில்லேர்ந்து வந்து ஒட்டிக்கிட்டதுன்னுதான் நான் நினைக்கிறேன். காவிரிக்கரைல உக்காந்துகிட்டு புனல்ங்கிற சொல்லைத் தகரத்துக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. நம்ம கையிலயே மடை இருக்கு. விடு விடை ஆச்சு, கொடு கொடை ஆச்சு, எடு எடை ஆச்சு, அதே மாதிரி மடு மடை. மடுத்தல்னா உள்ள வாங்கிக்கறது, செவிமடுத்தல்னு சொல்றோமே அதுதான். கோயில் மடைப்பள்ளில இருக்குற மடைக்கு சோறு, படையல்னு பொருள், அதுவும் வாய் வாங்கிக்கறதுதானே. வியாபாரமும் வர்றவங்களை உள்ள வாங்கிக்கறதுதான். விற்பனை மடை.

பேராவூரணிலேர்ந்து:

ஐயா மேல மரியாதையோட சொல்றேன். நாங்க கல்லணைக் கால்வாயோட கடைமடை. 1934ல வெட்டுன புது ஆறு, மேட்டூர் ஜூன் 12 தொறந்தாலும் எங்க வயலுக்குத் தண்ணி வந்து சேர எத்தனை நாள் காத்துக் கெடப்போம்னு டெல்டால யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மடைங்கிறது தொறக்குற எடம். ஒரு மடையைத் தொறந்தா ஒரு வயலுக்குப் பாயும், அவ்வளவுதான். இந்தத் தம்பி சொல்றது தலைப்புலேர்ந்து கடைசி வரைக்கும் உள்ள முழு வழி, அது வாய்க்கால். விற்பனை வாய்க்கால்னு வெச்சா எங்க ஊர்ப் பொம்பளைங்க படமே போடாம புரிஞ்சுக்குவாங்க, மாசாமாசம் வாங்குற அந்த 5 பேர்தான் கடைமடை. ஒண்ணு சொல்லிடறேன், வடிகால்னு மட்டும் யாரும் ஆரம்பிச்சுடாதீங்க, அது வயலுக்கு வேண்டாத தண்ணி போற வழி.

திருவாரூர்லேர்ந்து:

எனக்கு ஃபனல்ங்கிற உவமையே ஒத்துக்கல. கவனம், ஆர்வம், ஆசை, செயல்னு படிப்படியா சொன்னது அமெரிக்க விளம்பரக்காரர் செயின்ட் எல்மோ லூயிஸ், 1898 வாக்குலன்னு சொல்லுவாங்க, ஃபனல் உருவம் அப்புறம் 1924ல டவுன்செண்ட் எழுதுனதுல வருது. அவங்களுக்கு மேல அகலம் கீழ குறுகல்ங்கிற வடிவம் மட்டும் போதுமா இருந்துருக்கு. ஆனா எங்க அம்மா நல்லெண்ணெய் ஊத்துறப்ப பக்கத்துல நின்னு பாத்துருக்கேன், 1 லிட்டர் ஊத்துனா ஒரு சொட்டு மிச்சமில்லாம பாட்டிலுக்குள்ள எறங்கிடும். இதுல 1000 ஊத்துனா 5தான் எறங்குது. அப்ப இது சல்லடை. விற்பனைச் சல்லடை.

மன்னார்குடிலேர்ந்து:

சல்லடைன்னா நின்னு போறது கப்பி, களத்துல தூத்துனா பறக்குறது பதர். வாங்காதவங்களைப் பதர்னு கையேட்டுல அச்சடிக்கப் போறீங்களா அம்மா? வாசல் வரைக்கும் வந்தவங்க, இன்னைக்கு வாங்காம நாளைக்கு வாங்குவாங்க.

திருவாரூர்லேர்ந்து:

அது நியாயம்தான் ஐயா. சல்லடையை வாபஸ் வாங்கிக்கறேன். ஃபனல் தப்புங்கிறதை வாபஸ் வாங்க மாட்டேன்.

மயிலாடுதுறைலேர்ந்து:

தானா ஓடுறதை யாருமே தொடலையே. தானியங்கின்னா அது பொருளோட பேர், அடைமொழியா வர்றப்ப தன்னியக்கம்தான் சரி. தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்னு நன்னூல் சொல்லுது, தன்னாட்சி தன்னலம் மாதிரி தன்னியக்க. ரெண்டு ன் வரணும், அச்சகத்துல ஒண்ணை முழுங்கிடுவாங்க, பாத்துக்குங்க. அந்த இலவச செய்முறைக்குக் கொசுறுன்னு போடலாமா?

கும்பகோணத்துலேர்ந்து:

கொசுறு காய் நிறுத்ததுக்கு அப்புறம் போடுற கறிவேப்பிலை அண்ணே, இது வாங்குறதுக்கு முன்னாடியே குடுக்குறது. எங்க தாத்தா அரிசி மண்டில வேலை பாத்தவர், வந்தவர் வெலை கேக்குறதுக்கு முன்னாடியே குத்தூசியை மூட்டைல சொருகி ஒரு பிடி அரிசியை அவர் உள்ளங்கைல கொட்டுவார், ஊதிப் பாத்துட்டு ரெண்டைக் கடிச்சுப் பாப்பாங்க. அதுக்குப் பேர் மாதிரி. நான் மாதிரின்னே போட்டுக்கறேன்.

தஞ்சாவூர்லேர்ந்து:

புதன் ராத்திரி ஆயிடுச்சு. புனலுக்கு 4 பேர், மடைக்கு ஐயா ஒருத்தர், வாய்க்காலுக்கு 2. அனுப்புங்க.

கும்பகோணத்துலேர்ந்து:

‘தன்னியக்க விற்பனைப் புனல்’னு தலைப்புல போட்டு அனுப்பிட்டேன், கடைசிப் படிக்குக் கடைமடை. ஐயா மன்னிச்சுக்கணும்.

மன்னார்குடிலேர்ந்து:

மன்னிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி, வகுப்பு நல்லா நடக்கட்டும். ஆனா நான் மடைன்னுதான் எழுதுவேன்.

கும்பகோணத்துலேர்ந்து, சனிக்கிழமை ராத்திரி:

வகுப்பு முடிஞ்சுது. புனல்னதும் ஒரு அக்கா, மண்ணெண்ணெய் ஊத்துறதுதானேன்னு கேட்டு ஆமான்னதும் எழுதிக்கிட்டாங்க, சொல்லுல யாரும் தடுக்கல. தடுக்குனது கணக்குல. அந்த அரிசி அக்கா நோட்டுல 100, அதுக்குக் கீழ 20ன்னு எழுதி நடுவுல விரலை வெச்சுகிட்டு, ‘நம்பர் குடுத்துட்டு வாங்காத இந்த 80 பேரை நான் என்னன்னு எழுதி வெச்சுக்கறது, பொங்கலுக்குத் திரும்ப மெசேஜ் போடணும்ல’ன்னு கேட்டாங்க. வாட்ஸாப்ல அவங்களுக்கு ஒரு லேபிள் போடணும், லேபிளுக்குப் பேர் வேணும். வராதவங்கன்னு போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. அடுத்த வகுப்பு 2 வாரத்துல, யோசிச்சுச் சொல்லுங்க.