ஸ்விஃப்ட் காரோட உயரத்தை இறக்கினா பின் சக்கர அலைன்மென்ட் (சக்கரம் நிக்கிற கோணம்) மாறுமா?

காசிமேடு கியர்: 40 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போட்டா பின்னாடியும் அலைன்மென்ட் பார்க்கணும்னு கடைக்காரங்க சொல்றது வீண் செலவு. ஸ்விஃப்ட்ல பின்னாடி டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரே சட்டம். டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு), கேம்பர் (முன்னால நின்னு பார்த்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கிற அளவு) திருத்த போல்ட்டே கிடையாது. முன்னாடி டோ மட்டும் பிடிங்க, போதும்.

மணலி டார்க்: திருத்த போல்ட் இல்ல, சரி. அதுக்காகக் கோணம் மாறாதுன்னு எப்படி ஜி? பீம் தன் முன்பக்க புஷ்ஷை (பாடியோட சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர்) மையமா வச்சுத் திரும்புது. புஷ்ல இருந்து ஆக்சில் வரை 400 மி.மீ.னு வச்சுக்குங்க; 40 இறக்கினா பீம் 6 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவா திரும்பும். சக்கரத்துல ஏற்கெனவே 1.5 டிகிரி நெகட்டிவ் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே சாய்வு) இருந்தா, பக்கத்துக்கு 0.15 டிகிரி டோ-இன் (முன்பக்கம் உள்ளே திரும்புறது) கூடும். 14 இன்ச் ரிம்முல கிட்டத்தட்ட ஒரு மி.மீ.

காசிமேடு கியர்: ஒரு மி.மீ.க்கு இவ்ளோ பேச்சா! எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி போட்ட பள்ளம் ஒண்ணு அதைவிட அதிகமா வளைச்சுடும்.

மணலி டார்க்: அதனாலதான் நாலு சக்கர ரீடிங் கேக்கிறேன். ரெண்டு பக்கமும் சமமா கூடினா தொல்லை கம்மி. ஒரு பக்கம் ஸ்டப் (சக்கரம் மாட்டுற அச்சு) வளைஞ்சிருந்தா த்ரஸ்ட் ஆங்கிள் வரும், அதாவது பின் சக்கரங்கள் வண்டியை நேரா இல்லாம ஒரு பக்கமா தள்ளும். முன்னாடி மட்டும் பிடிச்சா நேர் ரோட்லயும் ஸ்டீயரிங் கோணலா நிக்கும். ஸ்டப் தனியா போல்ட் ஆகுற மாடல்ல ஆப்பு மாதிரி சரிவான ஷிம் தகடு வச்சு டோ திருத்தலாம். ஆனா வளைஞ்ச ஸ்டப்பை ஷிம்மால மறைக்காதீங்க, மாத்துங்க.

வியாசை வீல்: பீம்லயே நிக்கிறீங்களே. பழைய இன்னோவால பின்னாடி திட ஆக்சில் (ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு), அது பக்கவாட்டுல ஆடாம பிடிக்கக் குறுக்கே லேட்டரல் ராட். ஒரு முனை சேசிஸ்ல, மறுமுனை ஆக்சில்ல. இறக்கினா டோ மாறாது, ஆக்சிலே பக்கவாட்டுல நகரும். 900 மி.மீ. ராட் படுக்கையா இருந்து 40 இறங்கினா நகர்வு ஒரு மி.மீ. கூட வராது. ஏற்கெனவே அதே பக்கம் 30 மி.மீ. சாய்ஞ்சிருந்தா 2 மி.மீ. தாண்டும். நீளம் திருத்துற ராட் போட்டா நடுவுக்கு வந்துடும்.

காசிமேடு கியர்: அது வேற வண்டி. ஸ்விஃப்ட்ல டயரைத் தின்னுறது புஷ். பீம் போல்ட்டைத் தளர்த்தாமலே ஸ்பிரிங் மாத்துறாங்க. ரப்பர் எந்நேரமும் முறுக்கின நிலையில இருந்து சீக்கிரம் கிழியுது. தளர்த்தி, வண்டியைத் தரையில இறக்கி, எடை ஏறின பிறகு டார்க் ரென்ச்ல இறுக்கணும். இதைச் செய்யாம ரீடிங் எடுத்து என்ன பிரயோஜனம்?

மணலி டார்க்: புஷ் விஷயம் சரி. ரெண்டையும் செய்யுங்கன்னுதான் சொல்றேன். கட்டிங் மெஷின்ல ஸ்பிரிங்கை வெட்டினவங்களுக்கு எதுவும் உதவாது. ஜாக்கி போட்டுத் தூக்கினா ஸ்பிரிங் சீட்டை விட்டே கழண்டு ஆடும். ஒழுங்கான ஸ்பிரிங்னா ரெண்டு மூணு நாள் ஓடி அமரட்டும், அப்புறம் ரீடிங். பிரிண்ட்ல பின் டோ இடது, வலது தனித்தனியா இருக்கான்னு பாருங்க. மொத்த டோ மட்டும் கொடுத்தா வாங்காதீங்க.