ரெஸ்டிங் ஸ்டேட் ஸ்கேனில் உங்களைத் தூங்கவிடாத ஆள் யார்?

மண்டபம் தம்பி:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் எம்ஆர்ஐ மெஷினுக்குள் சும்மா படுக்கவைத்து, மூளைப் பகுதிகள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்கும் ரெஸ்டிங் ஸ்டேட் ஸ்கேன்தான் என்னுடையதும். முங்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்களையும் கரையில் மீன் காயவைக்கும் பெண்களையும் ஒப்பிடும் வேலை. ஒரு அக்காவுக்கு மூச்சு பெல்ட் கட்டி, "கண்ணைத் திறந்து சும்மா படுத்திருங்கக்கா" என்று உள்ளே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பெல்ட்டின் கோடு தட்டையாகிவிட்டது. கழன்றுவிட்டது என்று டெக்னீஷியன் எழுந்தேவிட்டார். அப்புறம் ஒரே ஒரு பெரிய மூச்சு. கோடு திரை உச்சிக்கு ஏறி இறங்கி, மறுபடி தட்டை. வெளியே வந்ததும் கேட்டேன். "சும்மா கெடன்னா தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரிதான தம்பி கெடப்பேன்" என்றார்.

நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றாலே 0.1 ஹெர்ட்ஸ். மூளையின் மெதுவான ஏற்ற இறக்கம் என்று நாம் வைத்துக்கொள்ளும் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையான பட்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது, ஃபில்டர் என்ன செய்யும்? மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து, போல்ட் சிக்னல் (ரத்தத்தின் ஆக்சிஜனை வைத்து ஸ்கேன் பதிவுசெய்வது) மூளை முழுக்கச் சேர்ந்து ஏறுகிறது. எல்லாப் பகுதியும் எல்லாப் பகுதியோடும் தொடர்பில் இருப்பதாக டேட்டா சத்தியம் செய்கிறது.

கீழக்கரை வாசி:
இதற்கா இவ்வளவு? குளோபல் சிக்னலை, அதாவது மூளை முழுவதின் சராசரியை, ரிக்ரஸ் செய்து கழித்தால் (ஜிஎஸ்ஆர்) போச்சு. என் ஆள் ஒரு பெரியவர், வெற்றிலைக்காரர். உள்ளே வெறும் வாயை மென்றுகொண்டே இருந்தார். மூளைப் புள்ளிகளின் சிக்னலையெல்லாம் நேரவாரியாக அடுக்கிக் காட்டும் கார்பெட் பிளாட்டில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாக, பத்தமடைப் பாய் மாதிரி. ஜிஎஸ்ஆர் போட்டதும் சுத்தம்.

தொண்டி அலை:
கீழக்கரையாரே, பார்க்கச் சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். குளோபல் சிக்னலைக் கழித்தால் அந்தக் கணக்கே எதிர்மறைத் தொடர்புகளை உண்டாக்கும் என்று மர்ஃபி குழு 2009லேயே காட்டியது. தலையசைவு பக்கத்துப் பகுதிகளின் தொடர்பைக் கூட்டி, தூரத்துத் தொடர்பைக் குறைத்துக் காட்டும் என்பது 2012ல் பவர் குழு சொன்னது. அந்தச் சாய்வை ஜிஎஸ்ஆர் சரிசெய்வதில்லை. உங்கள் பெரியவரின் மெல்லல் இன்னும் டேட்டாவுக்குள்தான் இருக்கிறது.
என் கதை: தங்கச்சிமடத்துப் பையன். மெஷின் சத்தம் நின்றால் போதும், "முடிஞ்சுதா?" என்று தலையைத் தூக்கிவிடுவான்.

ராம்நாடு அண்ணன்:
என் ஆள் உள்ளே குறட்டை விட்டார், வேறொன்றுமில்லை. தம்பி, நான் சொல்வதைக் கேளுங்கள். பெல்ட், நாடி பார்க்கும் விரல் கிளிப் இரண்டின் பதிவையும் பத்திரமாக வையுங்கள். அவை இருந்தால் மூச்சு, நாடி இரைச்சலைக் கழிக்க 2000ல் வந்த ரெட்ராய்கார் முறையை ஓட்டலாம். ஆனால் அது ஒவ்வொரு மூச்சின் ஏற்ற இறக்கத்தைத்தான் பிடிக்கும். மூச்சின் ஆழம் மாறுவதற்குத் தனி ரிக்ரஸர் (கழிக்கவேண்டிய கோடு) சேருங்கள். பதிவு இல்லாதவர்களுக்கு காம்ப்கார் இருக்கிறது, வெண்பொருளிலும் மூளைத் தண்டுவட நீரிலும் இருந்து இரைச்சலை எடுக்கும். ஐசிஏ அரோமாவை நம்பி உட்காராதீர்கள், அது தலையசைவு இரைச்சலை நீக்கச் செய்தது. எஃப்டி (ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே தலை நகர்ந்த அளவு) 0.2 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டவும் வேண்டாம். நெஞ்சு ஏறி இறங்கும்போது காந்தப்புலம் மாறுவதால், தலை அசையாமலே அசைந்ததாக எஃப்டி காட்டும். ஒவ்வொரு படத்தையும் பல எக்கோ நேரங்களில் எடுத்து, போல்ட் அல்லாத இரைச்சலைப் பிரிக்கும் மல்டி எக்கோவுக்கு மாறச் சொல்வார்கள். அதிலும் இது தீராது, கார்பன் டை ஆக்சைடால் வரும் ஏற்றமும் நிஜமான போல்ட்தானே. அப்புறம், காலையில் காபி குடித்தார்களா என்று கேட்டீர்களா? காபி மூளை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

மண்டபம் தம்பி:
நன்றி அண்ணே. பெல்ட் பதிவு இருக்கிறது, காபியும் கேட்டாச்சு. என் சிக்கல் வேறு. முங்குகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் மூச்சு விடுகிறார்கள், கரைக்குழுவில் ஒருவர்கூட இல்லை. மூச்சைக் கழித்தால் இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசமும் சேர்ந்து கழிந்துவிடுகிறது. விட்டுவைத்தால் நான் அளப்பது மூளையையா மூச்சையா என்று யாரும் கேட்கலாம். கைடு அந்த அக்காவை நீக்கச் சொல்கிறார். அவரைப் போன்றவர்களையெல்லாம் நீக்கினால் அந்தக் குழுவில் மிஞ்சுவது முங்கத் தெரியாதவர்கள்தான்! ஸ்கேனுக்குள் மூக்குக்குழாய் வைத்து வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?