ட்ரோன் முகம் நம்ம பக்கம் திரும்பினா கை தடுமாறுது – புதுசா பழகறவனுக்கு வழி சொல்லுங்க

தோப்புக்காரன் (பொள்ளாச்சி):

வணக்கமுங்க. பொள்ளாச்சிக்குத் தெக்க எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குதுங்க. அப்பா இருந்த வரைக்கும் மாசம் ஒருக்கா மரமேறிக் குருத்தைப் பார்த்துடுவார். காண்டாமிருக வண்டு குடைஞ்ச குருத்து விரியறப்போ, ஓலையைக் கத்தரியில முக்கோணமா வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். எனக்கு மரமேறத் தெரியாது. உச்சியை நானே ஒரு தடவை பார்த்துடணும்னு ரொம்ப நாள் ஆசை. அதுக்காகவே கேமரா வெச்ச 249 கிராம் ட்ரோன் ஒண்ணைச் சொந்தக்காரர்கிட்ட இருந்து பழசா வாங்கினேன்.

நாலு நாள் கொப்பரை காயப்போடற களத்துல தலை உயரத்துல நிறுத்திப் பழகினேன். ரிமோட் ஸ்டிக்குல இருந்து கையை எடுத்தாலும் அப்படியே நிக்குது. சரி, வந்துருச்சுன்னு நினைச்சு அஞ்சாம் நாள் மரத்துக்கு மேல ஏத்திட்டேன். ஆடி மாசமுங்க. கீழ களத்துல தூசுகூடப் பறக்கலை, ஆனா உச்சியைத் தாண்டினதும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அதைப் பக்கத்துத் தோப்புக்குத் தள்ளிட்டுப் போச்சு. கூப்பிட்டுக்கலாம்னு முகத்தை என் பக்கம் திருப்பினேன். எனக்கு இடது கைப்பக்கம் ஒரு மரம். விலகட்டும்னு ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா, அது மரத்தைப் பார்த்துப் போகுது. பதட்டத்துல இன்னும் அழுத்தி வலதுக்கே தள்ளினேன். மட்டைக்குள்ள புகுந்து, ஓலையைக் கிழிச்சு, பொத்துன்னு வரப்புல விழுந்துச்சு. ட்ரோனோட மோட்டாரைத் தாங்கற கை ஒண்ணு விரிசல், மூணு ப்ராப் (சுத்தற விசிறி) போச்சு.

திண்ணையில கொண்டுவந்து வெச்சப்போ எட்டாவது படிக்கிற எம்பொண்ணு அதைத் தடவிப் பார்த்துட்டே நின்னா. எனக்கு மனசு கேக்கலைங்க. முறையாப் பழகணும். எதுல இருந்து ஆரம்பிக்கறது? லைசென்ஸ் ஏதாச்சும் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலுவிசிறி (கோவில்பட்டி):

அண்ணே, மனசை விட்டுறாதீங்க. நான் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், அஞ்சு வருசமா பறக்க விடுறேன். உங்க கையில குறை இல்ல. அந்த ட்ரோன் ஜி.பி.எஸ். வச்சுத் தானா நிக்குது. நாலு நாளும் நிறுத்துனது அது, நீங்க இல்ல. விரலு ஒண்ணும் படிக்காமயே மரத்துக்கு மேல போயிட்டீக.

இடது வலது விசயத்தை மொதல்ல முடிச்சிருவோம். ட்ரோன் முதுகைக் காட்டி நிக்கும்போது அதோட வலதும் நம்ம வலதும் ஒண்ணு. முகத்தைத் திருப்பிட்டா எதிர்ல நிக்கிற ஆள் மாதிரி, அதோட வலது நமக்கு இடது. இதை யோசிச்சு யோசிச்சு மாத்துறதுக்குள்ள மரம் வந்துரும். அதனால யோசிக்காதீக. வாழை சாஞ்சா என்ன செய்வோம்? சாயிற பக்கம் கம்பை ஊன்றி முட்டுக் குடுப்போம்ல? அதேதான். ட்ரோன் உங்களைப் பார்த்து நிக்கும்போது எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொண்டுபோய் முட்டுக் குடுங்க. இடது கைப்பக்கம் சரியுதா, ஸ்டிக் இடது. நிமிந்துரும். அன்னிக்கு மரம் இடது பக்கம் இருந்துச்சுல்ல, இடதுக்குத் தள்ளியிருந்தா விலகி வந்திருக்கும்.

இது படிச்சா வராது, விரல்ல ஏறணும். விழுந்தாலும் செலவில்லாத இடம் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே ட்ரோன் ஓட்டிப் பழகுற புரோகிராம். ரேடியோமாஸ்டர் பாக்கெட் மாதிரி ஒரு ரிமோட்டை யு.எஸ்.பி. வயர்ல கம்ப்யூட்டர்ல மாட்டினா ஜாய்ஸ்டிக்கா எடுத்துக்கிடும். லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன்னு ரெண்டு சிமுலேட்டர் இருக்கு, ஒண்ணு போதும். தினம் அரை மணி நேரம், மூணு வாரம். நூறு தடவை விழுங்க, ஒரு ப்ராப்பும் உடையாது. பாப்பாவையும் பக்கத்துல உக்கார வைங்க. சின்னப் பிள்ளைக விரலுக்கு இது சீக்கிரம் புடிபடும்.

அடுத்து டைனி ஹூப்புனு ஒரு குட்டி ட்ரோன். மோட்டாருக்கு மோட்டார் மூலைவாட்டுல 65 மில்லிமீட்டர், உள்ளங்கையில அடங்கும். ப்ராப்பைச் சுத்தி பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதால சுவர்ல முட்டினாலும் ஒண்ணும் ஆகாது. இதுல ஜி.பி.எஸ். கிடையாது, உயரத்தைப் புடிச்சு நிறுத்தவும் ஆள் கிடையாது. த்ராட்டிலை (ஏத்தி இறக்குற ஸ்டிக்) விட்டா விழும், ஏத்தினா விட்டத்துல முட்டும். ஒரு பேட்டரிக்கு மூணு நாலு நிமிசந்தான் ஓடும். அந்த நாலு நிமிசம், உங்க பெரிய ட்ரோன்ல ஓட்டுற நாலு மணி நேரத்துக்குச் சமம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஸ்டிக்கை விட்டா தானா நிமிர்ற ஆங்கிள் மோட்லயே வச்சுக்கிடுங்க, தானா நிமிராத ஆக்ரோ மோட் பக்கம் இப்ப போக வேணாம்.

நான் பழகின விதம் சொல்லுறேன். கடை பூட்டின பிறகு ராத்திரி, தரையில ரெண்டு தண்ணிக் கேன் வச்சுக்கிடுவேன். ஒரு வாரம் முதுகு என்னைப் பார்க்க, மார்பு உயரத்துல அசையாம நிறுத்துறது மட்டும். அடுத்த வாரம் பக்கவாட்டு. மூணாவது வாரம் முகம் என்னைப் பார்க்க. அதுக்கப்புறம்தான் ரெண்டு கேனையும் சுத்தி எட்டு. டிரைவிங் லைசென்ஸுக்கு எட்டு போடுறோம்ல, அதே எட்டு. எட்டுல பாதி வழி முதுகு, பாதி வழி முகம்னு மாறிக்கிட்டே வரும். ஒருநாள் ராத்திரி நான் இடது வலதே நினைக்காம மூணு எட்டு போட்டு முடிச்சிட்டேன். இறக்கி வச்ச பிறகுதான் அது எனக்கே உறைச்சுச்சு. அந்த ராத்திரியை இன்னும் மறக்கல. உங்களுக்கும் அப்படி ஒண்ணு வரணும்ணே.

எங்கயாவது முட்டுச்சுன்னா மொத வேலை மோட்டாரை அணைக்கிறது. விழுந்து கெடக்கிறதைத் த்ராட்டில் குடுத்து எழுப்பப் பார்க்காதீக, சிக்கின மோட்டார் கருகிரும்.

உங்க பெரிய ட்ரோனுக்கு ரெண்டு விசயம். ஒண்ணு, வீடு திரும்புற உயரம். செட்டிங்ஸ்ல அது 20 மீட்டர்னு கெடந்தா, சிக்னல் போனதும் 20 மீட்டர்லயே நேரா வரும், நடுவுல நிக்கிற தென்னையை அதுக்குத் தெரியாது. உங்க தோப்புல உயரமான மரத்தைவிட பத்து மீட்டராவது கூட்டி வைங்க. மட்டை மூடின நிழல்ல நின்னு கிளப்பாதீக. வானம் தெரியிற களத்துல வச்சு, ஹோம் பாயிண்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிஞ்சிருச்சுன்னு ஆப்பு சொன்ன பிறகு ஏத்துங்க.

இன்னொண்ணு ப்ராப். நாலும் ஒண்ணு போலத் தெரியும், ஆனா ரெண்டு இடம்புரி, ரெண்டு வலம்புரி. மோட்டார் கைலயும் ப்ராப்லயும் குறி இருக்கும், பொருத்திப் பாருங்க. மாத்தி மாட்டினா கிளம்பும்போதே குப்புறக் கவுந்துரும். விரிசல் விட்ட கையைப் பசை போட்டு ஒட்டிப் பறக்க விடாதீக, மாத்திருங்க.

வான்வழி (திருச்சி):

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு பைலட் உரிமம் தேவையில்லை. மைக்ரோவையும் வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட்டால் தேவையில்லை. உரிமம் வேறு, ட்ரோனுக்கு வாங்கும் பதிவு எண் வேறு. பதிவுக்கான கட்டணம் 100 ரூபாய்தான் என்று விதியிலேயே இருக்கிறது.

உரிமம் இல்லை என்பதால் எங்கும் பறக்கவிடலாம் என்று பொருள் இல்லை. வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அது 200 அடியாகக் குறையும். அதைவிட நெருங்கினால் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. உங்கள் தோப்பு எதில் வருகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள அந்த வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளப்புங்கள். நானே ஒவ்வொரு புது இடத்திலும் பார்க்கிறேன்.

உங்கள் ஊர் என்பதால் கூடுதலாக ஒன்று சொல்கிறேன். ஆனைமலைக் காட்டுப் பக்கம் ஆசைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். அது புலிகள் காப்பகம். அந்த இரைச்சலில் யானையும் மிரளும், கூட்டில் இருக்கும் பறவையும் மிரளும்.

புதிதாக இன்னொன்று வாங்க நினைத்தால், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரி பாகங்களுக்கு இல்லை. ஊருக்குள் கைமாறும் பழையதை வாங்கும்போது பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னச்சிறகு (கோவை):

அண்ணா, பேட்டரி பத்தி யாரும் சொல்லலை. நான் கத்துக்கிட்டப்போ ரெண்டு பேட்டரியை வீணாக்கினேன், அதனால சொல்றேன். ஹூப்ல வர்ற சாதாரண லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஒரு செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட். 3.5 வந்ததும் இறக்கிடுங்க. எடுத்து வைக்கறதா இருந்தா 3.8ல வைங்க. முழுசா ஏத்தி வாரக்கணக்குல விட்டா உப்பிடும். பறந்து இறங்கின சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஆள் இல்லாத அறையில போடவே போடாதீங்க. தகரக் கொட்டாயிலயும் வைக்காதீங்க.

ஆடி, ஆவணி முடியற வரைக்கும் காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடியே முடிச்சுக்கங்க. அப்புறம் மோட்டார் ரூமுக்குப் போற கரண்ட் கம்பி. கேமராவுல அது தெரியவே தெரியாது. முதல்ல நடந்து போய்க் கம்பி எங்கெங்க போகுதுன்னு பார்த்து வெச்சுக்கங்க.

தோப்புக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கங்க. தம்பி சொன்ன மாதிரியே செஞ்சேன். சிமுலேட்டர் மூணு வாரம், அப்புறம் ஹூப். கொப்பரை அள்ளின களத்துல ரெண்டு தேங்காய்க் கூடையைக் கவுத்து வெச்சு நானும் பொண்ணும் மாத்தி மாத்தி எட்டு போட்டோம். "அப்பா, முட்டுக் குடுங்க, முட்டுக் குடுங்க"ன்னு அவ பின்னாடி நின்னு சொல்லிட்டே இருப்பா. பத்துப் பன்னெண்டு நாள்ல கை தானா அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சுருச்சு.

பெரிய ட்ரோனுக்கு கை மாத்தி, புது ப்ராப் குறி பார்த்து மாட்டினேன். வரைபடத்துல பார்த்தேன், எங்க இடம் பச்சைதான். திரும்பற உயரம் 40 மீட்டர் வெச்சிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை காலையில ஆறரை மணிக்கு, காத்தே இல்லாதப்போ ஏத்தினேன். மேக்கால வரிசையில நாலாவது மரம், அப்பா நட்டது. ஓலை நுனியில பனித்தண்ணி மின்னுது. குருத்துக்குப் பக்கத்து மட்டையில அதே முக்கோண வெட்டு, கண்ணுக்கு முன்னாடி. பொண்ணு போனைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தா. திரும்பி வர்றப்போ முகம் என்னைப் பார்த்துத்தான் வந்துச்சு, கை நடுங்கலை.

நாளைக்கு மரமேறறவர் வர்றார், வண்டை எடுத்துட்டு வேப்பம்புண்ணாக்கும் மணலும் வெச்சுடலாம்னு இருக்கோம். ஹூப் பேட்டரியில ஒண்ணு மட்டும் லேசா உப்பின மாதிரி இருக்குதுங்க. அதை எப்படி ஒதுக்கறதுன்னு கோவைத் தம்பி சொன்னா நல்லாருக்கும்.