தேர்தல் பத்திரப் பட்டியல்: கம்பெனிகளின் லாபக் கணக்கு எடுக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆடிட்டர்கள், கம்பெனி செக்ரட்டரி வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை (ஸ்டேட் பேங்கில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கும் முறை) ரத்து செய்தபின், ஸ்டேட் பேங்க் கொடுத்த விவரங்களைத் தேர்தல் ஆணையம் மார்ச்சில் வெளியிட்டது அல்லவா? முதலில் வாங்கியவர் பட்டியல் தனி, பணமாக்கிய கட்சிகள் பட்டியல் தனி. மார்ச் 21-இல்தான் பத்திர எண்கள் வந்தன. அந்த எண்ணை வைத்து இரண்டையும் எக்செல்லில் கோர்த்துவிட்டேன். லாட்டரி அதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங் கம்பெனி 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியதும், அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாக தி.மு.க.வே ஆணையத்திடம் சொன்னதும் ஊரறிந்த கதை. நான் தேடுவது பெயரே கேள்விப்படாத சின்னக் கம்பெனிகளை.

2017 வரை, முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. பிறகு அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். 2024 தீர்ப்பு வரும் வரை நஷ்டக் கம்பெனியும் அள்ளிக் கொடுக்கலாம் என்றிருந்தது. (நஷ்டத்தில் ஓடுகிறவருக்கு ஏது இவ்வளவு தாராளம்?) அந்த வரம்பைத் தாண்டிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் இதுதான். பட்டியலில் சிஐஎன் (ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள பதிவு அடையாள எண்) கிடையாது, வெறும் பெயர் மட்டும். அதிலும் 'பிரைவேட் லிமிடெட்' ஓரிடத்தில் முழுசாக, ஓரிடத்தில் சுருக்கி. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் காசு கட்டி ஏஓசி-4 (கம்பெனி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் படிவம்) பார்ப்பது எனக்குக் கட்டுப்படியாகாது.

சிஐஎன் சேர்த்த கோப்பு யாரிடமாவது இருக்கிறதா? இலவசமாக லாப நட்டக் கணக்கு பார்க்க வேறு வழி உண்டா? என் எக்செல் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன்.