ஏரிப் பாசி மேலேயே மிதக்கிறது, கடல் பாசி மட்டும் எப்படி அடிக்குப் போகிறது?

காரிமங்கலம் டீச்சர்:
வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காற்றில் இருக்கும் கார்பனைக் கடல் பாசிகள் உறிஞ்சிக்கொள்ளும், அதில் ஒரு பங்கு ஆழ்கடலுக்குப் போய்விடும் என்று வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு பையன், "டீச்சர், எங்க ஊர் ஏரியில பாசி மேலயேதான் கிடக்குது, அது எப்படி அடிக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டான். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி செல் நாள் ஒன்றுக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே அதிகம் என்று இருக்கிறது. 3,000 மீட்டர் ஆழம் என்றால் எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மக்கிப் போகாதா? பையனுக்குத் தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டல்:
டீச்சர், உங்கள் கணக்கு சரிதான். தனி செல்லாக இறங்கினால் போய்ச் சேரவே சேராது, வழியிலேயே பாக்டீரியா தின்றுவிடும். அது தனியாகப் போவதில்லை என்பதுதான் விஷயம். டையட்டம் என்ற பாசி ஏராளமாகப் பெருகி, சத்து தீர்ந்து ஓயும் நேரத்தில் பிசின் மாதிரி ஒன்றைக் கசியவிடும். அதில் செத்த செல், உடைந்த ஓடு, தூசி, புழு பூச்சியின் கழிவு எல்லாம் ஒட்டிக்கொண்டு பஞ்சுத் துணுக்கு போல ஆகிவிடும். இதற்குக் கடற்பனி என்று பெயர், நீர்மூழ்கியின் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டே இருக்கும். இது ஒரு நாளைக்குப் பத்துக்கணக்கான மீட்டரிலிருந்து நூறு, அதற்கு மேலும்கூட இறங்கும். நூறு மீட்டர் என்று வைத்தால் உங்கள் எட்டு வருடம் ஒரே மாதமாகிவிடுகிறது.

இன்னொரு வழி கழிவு. கோபிபாட் என்று அரிசிக் குருணை அளவில் ஒரு உயிரி, பாசியைத் தின்று கெட்டியான சிறு உருண்டைகளாகக் கழிக்கிறது. தின்னும்போதே மூட்டை கட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்தக் கோபிபாட்டுகளில் நிறைய ராத்திரி மேலே வந்து மேய்ந்துவிட்டு விடிவதற்குள் சில நூறு மீட்டர் ஆழத்துக்குத் திரும்பிவிடும், அதனால் மேலே தின்றதன் ஒரு பகுதியைக் கீழே போய்க் கழிக்கும்.

பென்னாகரத்தான்:
மேலே அண்ணன் சொன்ன பிசின் விஷயத்தைப் படித்ததும் எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. ஆடியில் ஒகேனக்கலில் புது வெள்ளம் வரும்போது எடுத்து வரும் தண்ணீர் செம்மண் குழம்பாக இருக்கும், ராத்திரி முழுக்க வைத்தாலும் தெளியாது. ஆயா தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் சுற்றிச் சுற்றித் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றும். கொஞ்ச நேரத்தில் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு, மெல்ல இறங்கி அடியில் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். மண் தூள் அதேதான், ஒன்றோடொன்று ஒட்டியதும் இறங்கிவிட்டது. கடலில் நடப்பதும் இதுதானே? மண்ணும் இதில் சேருமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வண்டல்:
இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியிருக்காது தம்பி. மண் கட்டாயம் சேரும். கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1986-இல் அரபிக் கடலிலும் அடுத்த வருடம் வங்கக் கடலிலும் வண்டல் பொறிகளை இறக்கின. ஆளுயரப் புனல், அடியில் வரிசையாகக் குப்பிகள், குறித்த நாளுக்கு ஒரு குப்பி தானாக மாறிக்கொள்ளும், விழுவது எல்லாம் அதில் சேரும். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் களிமண் இந்தத் துணுக்குகளில் ஒட்டிக் கனம் கூட்டுவதால் அவை வேகமாக ஆழத்துக்குப் போகின்றன என்று அதில் தெரிந்தது. நம் காவிரி மண்தான் மேட்டூர் அணையிலேயே நிறைய தங்கிவிடுகிறது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு:
எல்லாம் சரி, ஆனால் இறங்குவது முழுக்க அடிக்குப் போகிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது டீச்சர். ஜான் மார்ட்டின் என்ற கடல் ஆராய்ச்சியாளரின் குழு 1987-இல் பசிபிக்கில் அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தது. அதன்படி 100 மீட்டர் ஆழத்தைக் கடந்த கார்பனில் 1,000 மீட்டரில் மிஞ்சுவது ஏறத்தாழ நூற்றில் 14, 4,000 மீட்டரில் நூற்றில் 4. மீதியை வழியில் இருக்கும் உயிர்கள் தின்று திரும்பக் கரியமில வாயுவாக விட்டுவிடுகின்றன. ஆனால் எவ்வளவு ஆழத்தில் விடுகின்றன என்பதுதான் முக்கியம். மேல்மட்டத்தில் விட்டால் சீக்கிரமே காற்றுக்கு வந்துவிடும், ஆழத்தில் விட்டால் அந்தத் தண்ணீர் மேலே வர நூற்றுக்கணக்கான வருடம் ஆகும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடலில் இரும்பைத் தூவினால் பாசி வளரும், கார்பன் பிரச்சினை தீரும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் நம் நாடும் ஜெர்மனியும் சேர்ந்து தென் பெருங்கடலில் 'லோஹாஃபெக்ஸ்' என்று அதைச் செய்தே பார்த்தன. 300 சதுர கிலோமீட்டரில் இரும்பைக் கரைத்தார்கள், பாசியும் வளர்ந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் டையட்டத்துக்கு ஓடு கட்டத் தேவையான சிலிக்கா போதவில்லை, வந்தது வேறு பாசி, அதைக் கோபிபாட்டுகள் மேய்ந்துவிட்டன, ஆழத்துக்குப் போனது மிகக் கொஞ்சம். பாசி வளர்வது வேறு, அது இறங்குவது வேறு.

காரிமங்கலம் டீச்சர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. திங்கட்கிழமை இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் ஏரித் தண்ணீர் எடுத்து வைத்து, ஒன்றில் மட்டும் தேற்றாங்கொட்டை போட்டுக் காட்டப் போகிறேன், கேள்வி கேட்ட பையன் கையாலேயே. கொட்டை இப்போதும் கிடைக்கிறதா?

பென்னாகரத்தான்:
நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் டீச்சர். பாட்டிலில் தேய்த்தால் வழுக்கும், சொரசொரப்பான கல்லில் இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு உரசி, அந்த விழுதைக் கலக்குங்கள். கலக்கிய பிறகு பிள்ளைகள் யாரும் மேசையை ஆட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரண்டது உடைந்துவிடும்.