கோழிக்காலை வெச்சு ஒடம்பைப் பத்திச் சொல்லிக் கொடுத்த கதை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கோபிப் பக்கத்து அக்கா:
அரசாங்கத்தோட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல, பள்ளிக்கூடம் விட்டப்புறம் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கற தன்னார்வலரா இருந்தப்ப நடந்ததுங்க. பொழுதோட அஞ்சு மணிக்கு எங்க வாசல்ல பத்துப் பன்னெண்டு புள்ளைக உக்காருவாங்க. தசை எலும்பை எப்படி இழுக்குதுன்னு படம் போட்டுக் காட்டினேன், ஒண்ணும் ஏறல. ஞாயித்துக்கெழமை கறிக்கடையில நாலு கோழிக்கால் வாங்கியாந்து கழுவி, வெட்டுவாயில தோலை ஒதுக்கினேன். வெள்ளைக் கயிறாட்டம் தசைநாண் தெரிஞ்சுது, தசையை எலும்போட சேக்கறது அதுதான். பின்பக்கத்து நாணை இடுக்கியில புடிச்சு இழுத்தா விரல் மடங்குது, முன்பக்கத்து நாணை இழுத்தா விரியுது. "அக்கா, செத்த கோழி பொறாண்டுது!"ன்னு ஒருத்தன் எந்திரிச்சு ஓடியே போயிட்டான்.

மிச்சப் பேரை அவங்கவங்க முழங்கைக்குக் கீழ இறுக்கிப் புடிச்சு, அந்தக் கை விரலை ஆட்டச் சொன்னேன். உள்ள நெளியும். விரலை மடக்கற பெரிய தசைக விரல்ல இல்லைங்க, முன்கையில இருக்கு. மணிக்கட்டைத் தாண்டி வர்றது நாண்தான். தறிக்காரர் வீட்டுப் புள்ள ஒண்ணு, "எங்க தறியில கீழ மிதிச்சா மேல நூலு ஏறுமே, அதாட்டமாங்க்கா?"ன்னுச்சு. எனக்குத் தோணாத உவமை.

காங்கயம் அப்பா:
நான் ஆட்டு நுரையீரலைக் கொரவளையோட கேட்டேன். கடைக்கார அண்ணன் ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத்தான் குடுத்தாருங்க. வாயால ஊதாதீங்க, சைக்கிள் பம்பு போதும். சுருங்கிக் கெடந்தது மளமளன்னு உப்பி வெளுத்துச்சு, கத்தி பட்டிருந்த எடத்துல உஸ்ஸுனு காத்துப் போச்சு. வாளித் தண்ணியில போட்டா நுரையீரல் மிதக்குது, கூட வாங்கின ஈரல் முழுகுது.

பெரிய ஆளாட்டம் நின்னுட்டிருந்தேன். எம்பொண்ணு, "நமக்கு யாருப்பா பம்பு அடிக்கறா?"ன்னா. சங்கதியே அங்கதானுங்க இருக்கு. பம்பு காத்தை உள்ள தள்ளுது. நமக்கு உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை, கீழ எறங்கி நெஞ்சுக்கூடு விரியறதுனால காத்துத் தானா உள்ள வருது. மறுநாள் தண்ணி பாட்டில் அடியை வெட்டி, உள்ள ஒரு பலூனைப் பாட்டில் வாயில மாட்டி, அடியில இன்னொரு பலூனை இழுத்துக் கட்டினேன். கீழ இழுத்தா உள்பலூன் ஊதுது. இதை மொதல்லயே செஞ்சிருக்கணும்.

அவினாசி அம்மணி:
எங்க வீட்ல கவுச்சி ஆகாதுங்க. சேலையை வாசல்ல விரிச்சுப் போட்டேன், அஞ்சரை மீட்டர். பெரியவங்களோட சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர், சேலையை விடக் கொஞ்சம் நீளம். "இத்தனையும் வயித்துக்குள்ளயா?"ன்னு பசங்க வாயைப் பொளந்தாங்க. "அதான் எந்நேரமும் பசிக்குது பசிக்குதுங்கறே"ன்னாங்க எங்க அத்தை.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற செவிலியர்:
புனலையும் ரப்பர் குழாயையும் சேத்து நெஞ்சுல வெச்சுக் கேக்க வைங்க. 1816ல லென்னக்ங்கற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி வெச்சுத்தான் நெஞ்சொலி கேட்டார். அதுல இருந்து பொறந்ததுதான் ஸ்டெதஸ்கோப். உக்காந்திருக்கறப்ப இதயத் துடிப்பை ஒரு நிமிசம் எண்ணச் சொல்லுங்க, தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வந்தப்புறம் திரும்ப எண்ணட்டும். பெரியவங்களுக்குச் சும்மா இருக்கறப்ப 60 முதல் 100 வரைக்கும் இருக்கும், குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இன்னொண்ணு. படத்துல நீல நெறத்துல சிரையை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பி வர்ற குழாயை, போட்டிருக்கறதைப் பார்த்துட்டு, ரத்தமே நீலம்னு நெனைக்கற புள்ளைக நெறையா. சிரையில ஓடற ரத்தமும் செவப்புதான், சித்தெ கருஞ்செவப்பு. இத்தனை வருசம் ஊசி போட்டுப் பார்த்தவ சொல்றேன். அப்புறம், கோழிக்கால், நுரையீரல் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாம எவனையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க.

அவினாசி அம்மணி:
அந்த ஓடிப்போன பையன் என்ன ஆனான்?

கோபிப் பக்கத்து அக்கா:
ரெண்டு நாள் ஆளையே காணோம். மூணாம் நாள் வந்து, "அக்கா, அந்தக் கோழிக்கால் எங்க, நானும் இழுத்துப் பாக்கறேன்"ன்னான். அதெல்லாம் அன்னிக்கே நாய்க்குப் போட்டாச்சுங்களே!