எஸ்எஸ்டி வாங்கிய அனுபவம்: எல்லையோர ஊர்க்காரர்கள் எழுதுங்கள்

கம்பத்திலிருந்து:

ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். புற்றடியிலும் போடியிலும் ஏலம் நடக்கிற நாட்களில் லாட் வாரியாக எடை, விலை, கமிஷன் எல்லாம் அன்றைக்கே ஏற வேண்டும். கடையில் இருப்பது 2013ல் வாங்கிய மேசைக் கணினி. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, கடையைப் பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடித்தால்தான் டேலி (கணக்கு மென்பொருள்) திறக்கும். பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

குமுளிக்கு வேறு வேலையாகப் போனபோது ஒரு கடையில் 256 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், சிப்பில் சேமிக்கும் டிரைவ்) ஒன்றை 1,200 ரூபாய்க்குத் தந்தார்கள். பெட்டி இல்லை, பில் இல்லை, கேள்விப்படாத பெயர். முதலாளியிடம் பெரிய தொகை கேட்கக் கூச்சப்பட்டு அதையே வாங்கிவிட்டேன். மாட்டிய அன்று எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். அரை நிமிடத்தில் டேலி திறந்தது.

ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் காலை கணினி எழுந்தது, ஆனால் டிரைவே இல்லை என்றது. கணினி எழும்போது பாகங்களைக் காட்டும் பயாஸ் திரையில்கூடப் பெயர் வரவில்லை. ஹார்டு டிஸ்க் கெடும் முன் பெரும்பாலும் இழுக்கும், டிக் டிக் என்று சத்தம் போடும், நாமும் சுதாரித்துக்கொள்வோம். இது முந்தின நாள் மாலை வரை ஒழுங்காக ஓடிவிட்டு அப்படியே போய்விட்டது. கடைசியாகப் பென் டிரைவில் நகல் எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாள் கணக்கையும் துண்டுச்சீட்டுகளை வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். இரண்டு சீட்டு கிடைக்கவே இல்லை. ஒரு விவசாயியின் எடைக் கணக்கை அவரிடமே கேட்டு எழுத வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அடுத்தது வாங்கும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். முதலில் என் கணினி எதை ஏற்கும் என்று பார்த்தேன். என்னுடையது எச்61 மதர்போர்டு. அதில் டிரைவை இணைக்கும் சாட்டா வழி இரண்டாம் தலைமுறை, நொடிக்கு 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் 550 எம்பி வேகம் எனக்குக் கிடைக்காது, அதில் பாதிதான் வரும். அதனால் ஒன்றும் குறையில்லை. ஹார்டு டிஸ்க்கில் தகட்டின் மேல் முள் நகர்ந்து ஒவ்வொரு சின்னக் கோப்பையும் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தத் தேடலே கிடையாது. கணக்கு வேலைக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம் டிபிடபிள்யூ. எத்தனை டெராபைட் எழுதும் வரை கம்பெனி உத்தரவாதம் தருகிறது என்ற எண் அது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300, க்ரூஷியல் எம்எக்ஸ்500 அதே அளவுக்கு 180. இரண்டுக்கும் 5 வருடம். கிங்ஸ்டன் ஏ400, 480 ஜிபிக்கு 160, வாரண்டி 3 வருடம். இந்த எண்களைப் பார்த்து முதலில் பயந்தேன். பிறகு நம் வேலையைக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 10 ஜிபி எழுதினாலும் 300 நாளுக்கு 3 டெராபைட். 160 என்பது ஐம்பது வருடத்துக்குத் தாங்கும். ஆக, என் போன்றவர்களுக்கு டிரைவ் எழுதித் தேய்ந்து சாகாது. பெரும்பாலும் கன்ட்ரோலர், அதாவது டிரைவை இயக்கும் சிப், போன்ற பாகம் பழுதாகித்தான் சாகும். அதற்கு வாரண்டியின் ஆண்டும், அதை நிறைவேற்றித் தரும் கம்பெனியும்தான் துணை. 5 வருட வாரண்டி உள்ள 500 ஜிபி டிஎல்சி வகை டிரைவ் ஒன்றைத் தேனியில் பில்லோடு வாங்கினேன்.

நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே அடிபட்டீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

களியக்காவிளையிலிருந்து:

அக்கா, கணக்கு வேலைக்கு நீங்கள் சொன்னது சரி. எங்கள் தொழிலில் கதை வேறு. நான் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இந்தப் பக்கம் மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை வேலை வரும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, 4கே, சாதாரணமாக 180 ஜிபி.

விலை குறைவு என்று 1 டிபி (டெராபைட்) க்யூஎல்சி வகை டிரைவ் வாங்கினேன். பெயர் பெற்ற கம்பெனிதான், பொருளும் போலி இல்லை. முதல் 40 ஜிபி பறந்தது. அதற்குமேல் வேகம் விழுந்து விழுந்து நொடிக்கு 80 எம்பிக்கு வந்து நின்றது. என் பழைய ஹார்டு டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும். அன்று இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்த நகல் முடியும்வரை மெமரி கார்டை அழிக்க முடியாமல் விழித்திருந்தேன். காலை ஏழு மணிக்கு அடுத்த வீட்டில் பெண் அழைப்பு.

காரணம் பிறகுதான் புரிந்தது. எஸ்எஸ்டி சிப்பில் தகவல் சேரும் சின்ன அறைக்குச் செல் என்று பெயர். டிஎல்சியில் ஒரு செல்லுக்கு மூன்று பிட், க்யூஎல்சியில் நான்கு பிட். பிட் கூடக் கூட எழுத நேரம் பிடிக்கும். அதை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் கொஞ்சத்தை ஒரு பிட் மட்டும் எழுதும் தற்காலிக இடமாக டிரைவ் பயன்படுத்துகிறது. அந்த இடம் நிரம்பும்வரைதான் பெட்டியில் போட்ட வேகம். டிரைவ் நிறைய நிறைய இந்த இடமும் சுருங்கும். என் டிரைவில் அப்போது முக்கால் பங்கு நிறைந்திருந்தது.

இப்போது எடிட்டிங்குக்கு டிரேம் (எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைக்கும் வேக நினைவகம்) உள்ள டிஎல்சி டிரைவ் தனியாக வைத்திருக்கிறேன், அதில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுகிறேன். பழைய க்யூஎல்சியை வீசவில்லை. முடித்த ஆல்பங்களும் வாடிக்கையாளருக்குக் காட்டும் வீடியோக்களும் அதில் இருக்கின்றன. படிப்பதற்கு அது நன்றாகவே ஓடுகிறது. தம்பிமார்களுக்குச் சொல்கிறேன், மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2021ல் க்ரூஷியல் பி2 அதே பெயரில் டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு மாறியது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கியவர்களுக்கு வேறு பொருள் கிடைத்தது. விமர்சனம் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

ஓணம் தள்ளுபடி என்று ஆரியங்காவு தாண்டிப் புனலூர் போய் வாங்கினேன். வரி இரண்டு மாநிலத்திலும் ஒரே 18 சதவீதம்தான், அதில் மிச்சம் எதுவும் இல்லை. தள்ளுபடி 300 ரூபாய், போக வர ஒரு நாள். பழுதானபோது மறுபடி இரண்டு முறை போக வேண்டியிருந்தது. பில்லும் சீரியல் எண்ணும் பத்திரமாக இருந்ததால் புதியது கிடைத்தது, ஒரு மாதம் ஆனது. இரண்டாவது முறையும் சிரமமில்லாமல் போய்வரக்கூடிய கடையில் வாங்குங்கள் என்பேன்.

பள்ளிப்பட்டிலிருந்து:

அம்மா, உங்கள் ஒன்பது நாள் கணக்கைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. நான் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடை வைத்திருக்கிறேன். ஆட்கள் சான்றிதழ், பட்டா நகல் எல்லாம் ஸ்கேன் செய்து என்னிடமே வைத்துவிட்டுப் போவார்கள். ஆந்திரா பக்கம் நகரியில் ஒரு கடையில் 2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி 1,500 ரூபாய் என்றார்கள். 'கேரண்டி உந்தண்டி' என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கணினியில் செருகினால் 2 டிபி என்றே காட்டியது.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் பிள்ளையின் சாதிச் சான்றிதழைத் திறந்தால் கோப்பு பழுது என்று வந்தது. அடுத்ததும் அப்படியே. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். டிரைவ் முழுக்க எழுதி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும் கருவி அது. உண்மையான இடம் 64 ஜிபிதான். அதற்குமேல் எழுதியதெல்லாம் வீண். உறையைப் பிரித்தால் ஒரு சின்ன யுஎஸ்பி பலகை, அதில் மொபைல் மெமரி கார்டு ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. கடைக்காரர் பணம் தரவில்லை. பணம் போனது பெரிதில்லை. அந்தப் பிள்ளையிடம் மறுபடி அசலைக் கொண்டுவா என்று சொல்வதற்கு நான் பட்டபாடு இருக்கிறதே, அதை மறக்க முடியவில்லை.

இப்போது எதை வாங்கினாலும் முதல் நாளே, ஒரு கோப்பும் போடும் முன் அந்தச் சோதனை. 500 ஜிபிக்கே மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். கொள்ளளவு குறைவாகத் தெரிகிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள். 500 ஜிபி என்பது விண்டோஸில் 465 என்றும், 1 டிபி என்பது 931 என்றும்தான் தெரியும். கணக்கிடும் முறை வேறு, அது ஏமாற்று இல்லை.

வேலந்தாவளத்திலிருந்து:

நான் கல்லூரி மாணவன். லேப்டாப்பில் எம்.2 இடம் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருக்கிறது என்று பாலக்காட்டில் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) வாங்கி மாட்டினேன், கண்டுகொள்ளவே இல்லை. என் லேப்டாப்பின் இடம் எம்.2 சாட்டாவுக்கு மட்டுமானது. இரண்டும் ஒரே அளவு, 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சாட்டாவில் செருகும் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் ஒன்று. அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், லேப்டாப் மாடலின் கையேட்டைப் பாருங்கள். கடைக்கார சேட்டன் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

அக்கா, ஒரு சந்தேகம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 2013 கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்ட பணம் வீணா? இப்போது விலை வேறு ஏறுகிறது, காத்திருக்கலாமா?

கம்பத்திலிருந்து:

தம்பி, வீணில்லை. இரண்டரை அங்குல சாட்டா டிரைவை நாளை கணினி மாறினாலும் கழற்றி அதில் மாட்டலாம். இல்லாவிட்டால் சில நூறு ரூபாய் யுஎஸ்பி உறையில் போட்டு நகல் எடுக்கப் பயன்படுத்தலாம். என் கணினியில் இணையத்தை எடுத்துவிட்டேன். டேலியும் பிரிண்டரும் மட்டும். ஜிஎஸ்டி வேலையை முதலாளியின் புது லேப்டாப்பில் செய்கிறேன்.

விலை விஷயம்: 2025 கடைசியிலிருந்து ஏறுகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். க்ரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் அறிவித்துவிட்டது. இப்போதிருக்கும் டிரைவ் நன்றாக ஓடினால் பொறுக்கலாம். கெடுகிற நிலையில் இருந்தால் பொறுக்காதே. 1 டிபி வேண்டாம், 500 போதும் என்றால் 500 வாங்கு. அளவைக் குறைத்துக்கொள், பெயர் தெரியாத டிரைவுக்கு மட்டும் இறங்கிவிடாதே. விலை ஏறும்போதுதான் பழைய டிரைவைப் புதிது என்று தள்ளுவார்கள். மாட்டியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண்ணைப் பார். புதிதென்றால் அது பூஜ்யத்தையொட்டி இருக்க வேண்டும்.

பள்ளிப்பட்டு ஐயா, உங்கள் சோதனையை நானும் செய்தேன், பிழை வரவில்லை. என் டிரைவுக்கு இப்போது பதினான்கு மாதம். எழுதியது 3.4 டெராபைட், ஆரோக்கியம் 98 சதவீதம் என்று காட்டுகிறது. ஆனால் குமுளி டிரைவும் கடைசி நாள் மாலை வரை ஒழுங்காகத்தானே ஓடியது? அதனால் மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ் வைத்தேன், பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து மறுபடி உள்ளே மாட்டினேன். தினமும் மாலை ஆறரைக்கு, கடை விளக்கை அணைக்கும் முன், அன்றைய கணக்கு அதில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக ஏறுகிறது. பென் டிரைவ் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.